வாழைக்குருத்துப் பச்சையில் ஓர் ஆபத்து

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றிக் குமாஸ்தா இருந்தார். அவருக்கு நேர்ந்ததைக் கேட்டால் வயிறு புண்ணாகும் அளவுக்குச் சிரிப்பு வரும். ஆனால் உடனே வராது. நடுவில் ஒரு சுற்றறிக்கை, ஒரு மனு, நாலைந்து படிவம், ஒரு புருஷன் பெண்டாட்டி மனஸ்தாபம் எல்லாவற்றையும் தாண்டியாக வேண்டும். அவசரக்காரர்கள் இப்போதே சிரித்துவிட்டுக் கிளம்பலாம். யாரும் தடுக்கப்போவதில்லை.

அவர் பெயர் தணிகாசலம். காட்டு அறிவிப்பு அலுவலகத்தில் முதுநிலை எழுத்தர். அலுவலகம் என்றால் ஒரு வளை. வளைக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர் கேன். முதுகில் நூற்று நாற்பது முள் இருந்ததால் பேனா வாங்கித் தரும்படி அவர் மேலிடத்துக்கு எழுதியதே இல்லை. அதற்காக ஒரு பாராட்டுக் கடிதம்கூட வந்திருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சிங்கமகாராஜா ஒரு சுற்றறிக்கை விட்டார். அதை அவர் குரலில்தான் கேட்க வேண்டும். தொண்டையைச் செருமி, ரெண்டு சொல்லுக்கு ஒரு கொட்டாவி விட்டு, இப்படி:

"இதனால் சகல ஜீவராசிகளுக்கும் அறிவிப்பது யாதெனில், இனி நம் காட்டின் அறிவிப்புகள் யாவும் எக்ஸ்எம்எல் முறையில் எழுதப்படும். எழுத்து வேறு, நிறம் வேறு. எழுதுகிறவன் எது என்ன என்று மட்டும் எழுதுவான். அது என்ன நிறம் என்பதை ஸ்டைல்ஷீட் சொல்லும். இரண்டையும் கலப்பவன் எமது மதிய உணவு."

மகாராஜாவுக்கு இதில் ஒரு வரியும் புரியவில்லை. பக்கத்துக் காட்டுச் சிங்கம் செய்திருந்தது. அது போதாதா?

விஷயம் ரொம்ப எளிது. முன்பெல்லாம் ஒரு எச்சரிக்கையை எழுதி, அந்த எழுத்தின் மேலேயே சிவப்பு மையைத் தடவுவார்கள். புது முறையில் தணிகாசலம் இப்படி எழுதுவார்:

<ஆபத்து>மேற்குத் துறையில் முதலை இருக்கிறது. யாரும் இறங்க வேண்டாம்.</ஆபத்து>

முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. திறந்ததை மூடிவிட வேண்டும். நிறத்தைப் பற்றி மூச்சுவிடக்கூடாது. ஸ்டைல்ஷீட் என்கிற வேறொரு தாளில் 'ஆபத்து என்று குறி போட்டதெல்லாம் சிவப்பு' என்று ஒரு விதி இருக்கும். ரெண்டும் சேர்ந்து ஆற்றங்கரையில் நிற்கிற மின்பலகையில் ரத்தச் சிவப்பாக ஒளிரும். மிருகங்கள் பார்க்கும். கிழக்குத் துறை வரிசையில் போய் நிற்கும். மேற்குத் துறை முதலை பட்டினி கிடக்கும். மூன்று வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காட்டில் படிக்கத் தெரிந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ரெண்டு விரல் மிச்சமும் இருக்கும். மகாராஜாவின் எழுத்தறிவு இயக்கத்தில் மொத்தமே ரெண்டு பாடம்தான். சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ. பரீட்சை வைத்தார்கள், எல்லாரும் பாஸ். 'நூறு சதவீத எழுத்தறிவு பெற்ற காடு' என்று நுழைவாயிலில் ஒரு வளைவு வைத்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பச்சையாக இருந்ததால் அதன் வழியாகப் போனார்கள், வந்தார்கள்.

சிரிக்கலாமா என்றால், இது இல்லை. இதற்கு மெல்ல ஒரு புன்னகை போதும்.

தணிகாசலத்துக்கு ஒரு பெருமை உண்டு. தான் தயாரிக்கிற பலகையை அவர் ஒரு நாளும் நேரில் போய்ப் பார்த்ததில்லை. அவர் கம்ப்யூட்டரில் குறியும் எழுத்தும் கறுப்பு வெள்ளையில் தெரியும், அவ்வளவுதான். குடிக்கத் தண்ணீரை வேலப்பன் என்கிற குரங்கு தினமும் கேனில் கொண்டுவந்து போட்டுவிடுவான். அதனால் ஆற்றுப் பக்கம் போகிற சோலியும் இல்லை.

"ஏங்க, நீங்க போடுற பலகை எப்படி இருக்குன்னு ஒரு நாளாவது போய்ப் பார்த்தீங்களா?" என்பாள் மனைவி குமுதவல்லி.

"வெளிப்பகட்டைப் பார்த்து மயங்குறவன் நான் இல்லை, குமுதா. உள்ளே என்ன எழுதியிருக்கு, அதான் எனக்கு."

"தெரியுமே. தாலி கட்டுறப்போகூட என்னைப் பார்க்கலை. பத்திரிகையில எழுத்துப்பிழை பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"ரெண்டு பிழை இருந்துச்சு," என்பார் தணிகாசலம், இன்றைக்கும் அந்த வேதனை மாறாமல்.

இப்படி இருக்கையில் கோடை வந்தது. ஒரு நாள் காலையில் வளை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தலை உள்ளே நுழைந்தது. மேற்குத் துறை முதலை, மடுக்கரை சடையப்பன். விலா எலும்பை எண்ணலாம் போல இளைத்திருந்தார்.

"வணக்கம் சார்."

"வாங்க. வால் வெளியிலயே இருக்கட்டும், இங்கே இடமில்லை. முதல்ல வாயை மூடுங்க. இந்த ஆபீஸ்ல திறந்தது எதுவானாலும் மூடணும்."

சடையப்பன் பணிவாக மூடினார். பிறகு பல்லிடுக்கில் பேசினார்.

"பலகையில என்னைப் பத்தி ஒரு வரி இருக்காமே, சார்."

"இருக்கு. நான்தான் எழுதினேன்."

"அதைக் கொஞ்சம் எடுத்துட முடியுமா?"

தணிகாசலத்தின் முதுகில் முள் சடசடவென்று எழுந்தது. "எடுக்கிறதா? ஒரு புள்ளியை எடுக்கணும்னாலும் மகாராஜா கைநாட்டு வேணும். மூணு நகல். ஆறு மாசம். அதுக்கப்புறமும் நடக்காது."

"ஏன் சார்?"

"நான் விடமாட்டேன்."

சடையப்பன் அழுதார். மளமளவென்று வந்தது. வளைக்குள் தண்ணீர் தேங்கிவிடுமோ என்று தணிகாசலம் கம்ப்யூட்டர் வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எழுத்து கிடக்கட்டும் சார். உண்மையைத்தானே எழுதியிருக்கீங்க, அதை மாத்தச் சொல்ல நான் யாரு? ஆபத்துன்னே இருக்கட்டும். முதலைன்னே இருக்கட்டும். மனசுக்குத் தோணினா 'பெரிய முதலை'ன்னு சேர்த்துக்கூட எழுதுங்க. அந்தச் சிவப்புதான் சார் கண்ணை உறுத்துது. அதை மட்டும் பச்சையா மாத்திக் கொடுத்தீங்கன்னா, இந்தக் கிழவன் மிச்ச காலத்தைக் கண் குளிர்ந்து கழிச்சிடுவேன்."

ஒரு ஓணானிடம் இப்படிச் சொல்லியிருந்தால் அது மரத்தின் உச்சியில் போய் நின்றுகொண்டு பதில் சொல்லியிருக்கும். தணிகாசலமோ கண் கலங்கிவிட்டார். இந்த நாற்காலிக்கு, அதாவது ஸ்டூலுக்கு, வந்ததிலிருந்து அவர் பார்த்த மனுதாரர் எல்லாரும் எழுத்தில் கை வைக்கச் சொன்னவர்கள்தான். நரி தன் பெயருக்கு முன்னால் 'நேர்மையான' என்று போடச் சொன்னது. கழுதைப்புலி தன் பெயரிலிருந்து கழுதையை எடுக்கச் சொன்னது. ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்று சொன்ன முதல் ஜீவன் இதுதான்.

"நிறம்தானே? அது கிளை மட்டத்திலேயே முடிஞ்சிடும்," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "படிவம் நாலு. காரணம் என்ன போடலாம்?"

"கண்ணுக்குக் குளிர்ச்சி."

"நல்ல காரணம்."

எந்தப் பச்சை என்று முடிவு செய்ய வண்ண ஆலோசகர் ரஞ்சிதத்தை அழைத்தார்கள். ரஞ்சிதம் ஒரு பச்சோந்தி. வந்த வேகத்தில் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, ஜவுளிக்கடையில் மூட்டை பிரிக்கிற தோரணையில் ஆரம்பித்தாள்.

"சொல்லுங்க சார், என்ன பார்க்கலாம்? டெய்லி யூஸா, விசேஷத்துக்கா? இது பாருங்க கிளிப்பச்சை, எப்பவும் ஓடுற ஐட்டம். இது பாசிப்பச்சை, கொஞ்சம் வயசானவங்க கேப்பாங்க. இது ராமர் பச்சை, பார்டர் வச்சா எடுப்பா இருக்கும்." ஒவ்வொரு பெயருக்கும் அவள் உடம்பு அந்த நிறத்துக்கு மாறியது. "இது வாழைக்குருத்து. இன்னிக்குத்தான் வந்திறங்கிச்சு."

"ஆபத்துக்கு எதும்மா பொருத்தம்?" என்று கேட்டார் சடையப்பன்.

"ஆபத்துக்கா? கண்ணை மூடிக்கிட்டு வாழைக்குருத்து போடுங்க. பார்த்ததுமே இறங்கி ஒரு வாய் தண்ணி குடிக்கலாம்னு தோணும்."

சடையப்பன் எச்சிலை விழுங்கியது வெளியில் வால் வரைக்கும் கேட்டது. "அதையே போட்டுடுங்க."

ரஞ்சிதத்தின் ஒரு கண் முதலையைப் பார்த்தது. இன்னொரு கண் தணிகாசலத்தைப் பார்த்தது. ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியே விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் அவளிடம் கொடுத்த படிவத்தில் 'நிறத்தின் பெயர்' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. நிரப்பிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

இனி நிறம் மாற்றுகிற வேலை. மகாராஜாவின் தலைமை ஸ்டைல்ஷீட்டில் யாரும் கை வைக்க முடியாது. வைத்தால் கை இருக்காது. அதற்கும் ஒரு வழி உண்டு. புதிதாக ஒரு தாள் எடுத்து, முதல் வரியில் 'மகாராஜாவின் ஸ்டைல்ஷீட்டை அப்படியே தலைவணங்கி வரவழைக்கிறேன்' என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்ள வேண்டும். ரெண்டும் முட்டிக்கொண்டால் பிற்பாடு சொன்னதே செல்லும். நிறைய வீடுகளில் இப்படித்தான் குடும்பம் நடக்கிறது.

இந்தக் கட்டத்தை வானொலி வர்ணனையில் கேட்டால்தான் ருசி. "இதோ, முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவுகிறார் தணிகாசலம். நீளமான முள். விசைப்பலகையை நெருங்குகிறார். முதல் வரி, தலைவணங்கியாகிவிட்டது. இரண்டாவது வரி, 'எல்லாம் பச்சை'. அடடா, இது அகலமாகப் போகிறதே, மிகவும் அகலமாகப் போகிறதே."

வேலப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "சார், பலகை பூராவும் பச்சையா இருக்கு. மகாராஜா பேரெல்லாம் பச்சையா மின்னுது."

தணிகாசலத்துக்கு மதிய உணவு ஞாபகம் வந்தது. மகாராஜாவின் மதிய உணவு. அவசரமாக 'எல்லாம்' என்பதை அழித்துவிட்டு, 'ஆபத்து என்று குறி போட்டது மட்டும்' என்று எழுதினார். வேலப்பன் மரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"இப்போ மகாராஜா பேரு கறுப்பு. முன்னே சிவப்பா இருந்த வரி மட்டும் பச்சை."

"அதான் வேணும்."

"ரொம்ப உபகாரம் சார். இனி கிழக்குல போய் வரிசையில நிக்க வேணாம். உங்க கேனை மேற்குத் துறையிலேயே ரொப்பிடுறேன்."

தணிகாசலம் அப்போது ஏதாவது குறி மூடாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார். "ம்," என்றார்.

மறுநாள் கேன் வரவில்லை. வேலப்பனும் வரவில்லை. "குரங்குப் புத்தி, சொல்லாம லீவு போட்டுட்டான்," என்று வருகைப் பதிவேட்டில் ஒரு சுழி போட்டார்.

செய்திகள். வாசிப்பது மரங்கொத்தி. "புதிதாகத் திறக்கப்பட்டதாகக் கருதப்படும் மேற்குத் துறையில் இன்று மக்கள் வெள்ளம் அலைமோதியது. தண்ணீர் தித்திப்பாக இருப்பதாக இறங்குமுன் சிலர் கருத்துத் தெரிவித்தனர். இறங்கியபின் எவரும் கருத்துத் தெரிவிக்கவில்லை. கிழக்குத் துறையில் வரிசை வெகுவாகக் குறைந்துள்ளது. இது அரசின் சாதனை என மகாராஜா பெருமிதம். வானிலை: வெயில்."

மூன்றாம் நாள் தையல்நாயகி என்கிற புள்ளிமான் வந்து நின்றது.

"சார், எங்க வீட்டுக்காரர் தண்ணி குடிக்கப் போனவர் இன்னும் வரலைங்க."

"எந்தத் துறைக்கு?"

"மேற்குங்க."

"அங்கே பலகை இருக்கே?"

"அதைப் பார்த்துட்டுத்தான் போனார்."

"ஆபத்துன்னு தெளிவா எழுதியிருக்கேம்மா."

"எழுதியிருந்தா எங்களுக்கு என்னங்க தெரியும்? பச்சையா இருந்துச்சு, போனார்."

தணிகாசலம் பொறுமையாக விளக்கினார். "எழுத்தைப் பத்தின புகார்னா படிவம் ரெண்டு. நிறத்தைப் பத்தின கருத்துன்னா படிவம் ஏழு. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல சொல்லக்கூடாது. மகாராஜா உத்தரவு."

தையல்நாயகி யோசித்தது. "எதைப் போட்டா அவர் திரும்பி வருவார்?"

தணிகாசலம் படிவக் கட்டைப் புரட்டினார். ரெண்டு தடவை புரட்டினார். "அதுக்குப் படிவம் இல்லைம்மா."

மான் போன பிறகு அவருக்கு லேசாக நெஞ்சைப் பிசைந்தது. ஒருவேளை எழுத்தில் ஏதாவது கோளாறோ? கோப்பைத் திறந்து பார்த்தார். 'ஆபத்து' அப்படியே இருந்தது. 'முதலை' இருந்தது. 'இறங்க வேண்டாம்' இருந்தது. முன்குறியும் பின்குறியும் ஜோடியாக நின்றன. நெஞ்சு சரியாகிவிட்டது. மதியம் அரைமணி நேரம் கண் அயர்ந்தார்.

சிரிப்பு இதோ வந்துவிட்டது, அடுத்த தெருவில் திரும்புகிறது.

நாலாம் நாள் வீட்டில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

"கேன்காரனைக் காணோம்," என்றாள் குமுதவல்லி. "நானே போய் ஒரு குடம் எடுத்துட்டு வந்துடுறேன். எந்தத் துறைக்குப் போகட்டும்?"

தணிகாசலம் நெஞ்சை நிமிர்த்தினார். மனைவி தன் தொழில் சம்பந்தமாகக் குத்தல் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்னை எதுக்குக் கேக்கிறே? பலகை எதுக்கு வச்சிருக்கோம்? அதைப் பார்த்து நட. உன் புருஷன் தயாரிச்சது."

"உங்க பலகையை நம்பிப் போறேன்," என்று இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தவள் குடத்தை வாசலிலிருந்தே உள்ளே உருட்டினாள். காலிக் குடம். அவர் காலில் இடித்து நின்றது. பிறகு மூலையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இருக்கிற முள்ளையெல்லாம் விரித்தாள். முள்ளம்பன்றிக் குடும்பங்களில் அதற்குமேல் வசனம் தேவையில்லை.

"என்ன ஆச்சு, குமுதா?"

அவள் முதுகில் அங்கங்கே திட்டுத்திட்டாகச் சொட்டை விழுந்திருந்ததை அவர் கவனித்தார். அக்கறையோடு கேட்டார்.

"முள் கொட்டுதே. எண்ணெய் தேய்ச்சுக்கிறதில்லையா?"

குமுதவல்லி எழுந்து அம்மா வீட்டு வளைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக சடையப்பன் வந்தார். உடம்பு பூசினாற்போல் தேறியிருந்தது. ஆனால் தாடை வீங்கி, வாய் பாதி திறந்தபடி நின்றது.

"வாயை மூடுங்க," என்றார் தணிகாசலம் வழக்கம்போல்.

"மூட முடிஞ்சா நான் ஏன் சார் ஆபீஸுக்கு வர்றேன்? ஒரு புகார் எழுதணும்."

"எழுத்தைப் பத்தியா, நிறத்தைப் பத்தியா?"

"நிறம்தான். இந்தக் காட்டுல ஒரு ஒழுங்கு வேணாமா சார்? முள்ளு வச்ச ஆளுங்கல்லாம் எந்த எச்சரிக்கையும் இல்லாம துறையில இறங்குறாங்க. வெள்ளந்தியா ஒருத்தன் வாயைத் திறக்கிறான், அவன் கதி என்ன? அவங்க மேல சிவப்பு அடிக்கணும். தூரத்துல வரும்போதே எனக்குத் தெரியணும்."

தணிகாசலத்துக்கு உற்சாகம் பொங்கியது. "நியாயமான கோரிக்கை. 'முள்'னு புதுசா ஒரு குறி ஏற்படுத்திடலாம். ஸ்டைல்ஷீட்ல இன்னொரு விதி, 'முள் என்று குறி போட்டதெல்லாம் சிவப்பு'. ரெண்டே வரி வேலை." எழுத ஆரம்பித்தவர் நிறுத்தினார். "சான்று ஏதாவது இணைக்கணுமே."

சடையப்பன் நாக்கை அண்ணத்தில் விட்டுத் துழாவி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கம்ப்யூட்டர் பக்கத்தில் எதையோ துப்பினார். கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு சாண் நீள முள். நுனியில் மருதாணிச் சிவப்பு. காட்டில் முள் நுனிக்கு மருதாணி வைத்துக்கொள்கிறவள் ஒருத்திதான்.

தணிகாசலம் முள்ளை எடுத்துப் பார்த்தார். "இது எங்கே கிடைச்சுது?"

"வேற எங்கே, என் துறையிலதான். நேத்து ஒரு அம்மா குடத்தோட வந்துச்சு. பலகையைப் பார்த்துச்சு. பக்கத்துல இருந்த முயல்கிட்ட 'இது எங்க வீட்டுக்காரர் போட்டது'ன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டே இறங்கிச்சு சார். அவ்வளவு நல்ல மாதிரியா வந்த அம்மா, வாய்க்குள்ள போனதும் இப்படி நடந்துக்கலாமா?"

தணிகாசலம் மறுபடியும் முள்ளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். 'ஆபத்து என்று குறி போட்டது மட்டும் பச்சை' என்று கறுப்பு வெள்ளையில் அவர் கையால் எழுதிய வரி அங்கே நின்றது. பிழையில்லாத வரி. எழுந்து, சடையப்பனின் முதுகின் மேலேயே ஏறி மிதித்து இறங்கி, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஆற்றங்கரைக்கு நடந்தார்.

பலகை தூரத்திலிருந்தே தெரிந்தது. 'மேற்குத் துறையில் முதலை இருக்கிறது. யாரும் இறங்க வேண்டாம்.' ஒவ்வொரு எழுத்தும் ஈரம் சொட்டுகிற வாழைக்குருத்து மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அவருக்கே தொண்டை வறண்டு, கால் தானாக ரெண்டு அடி தண்ணீர்ப் பக்கம் எடுத்து வைத்தது. பின்னால் முயல், கீரி, காட்டுப்பன்றி என்று வளைந்து வளைந்து ஒரு வரிசை. எல்லார் கையிலும் குடம்.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்த முயல் அவர் இடுப்பில் குடத்தால் இடித்தது.

"ஏன் சார் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? அதான் பச்சை போட்டிருக்கே, நகருங்க."

தணிகாசலத்தின் முதுகில் மிச்சமிருந்த முள் அத்தனையும் ஒன்றாக எழுந்து நின்றது.

நீதி: உண்மையை ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுது, நிறத்தை முதலையின் விருப்பத்துக்கு விட்டுவிடு, பெண் எடுக்கும்போது மட்டும் முள் இருக்கிற இடமாகப் பார்த்து எடு.